முதல் ஓலை வாசித்த ஞாயிறு

நிர்மலின் மகள் ரியாவுக்கு முதல் ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை அது. பூனாவில் மழை பிடித்த பிடியை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கோந்த்வாவில் நிர்மல் வீட்டுச் சமையலறையில் குக்கர் கத்திக்கொண்டே இருந்தும் அவன் மனைவி கிளாரிசா அடுப்பை அணைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிற மகன் ஜோபினுக்குப் போகிற சாப்பாடு அது. கூழாக வெந்தால்தான் வார்டுக்குள் விடுவார்கள்.

"மேல ரெண்டு கோத்மீர் தூவக்கூடாதாம். அது இல்லாம என்ன ரசம்? அந்தப் புள்ளை வாயில எப்படி வைப்பான்?" என்று அவள் அடுப்போடு சண்டை போட்டாள். கொத்தமல்லி என்ற சொல்லை அவள் மறந்து இருபது வருஷம் இருக்கும்.

தலை துவட்டிக்கொண்டு வந்த டோரீனுக்கு அது கேட்டது. "பச்சை இலை ஒண்ணும் வேண்டாம் கிளாரிசா. இப்போ அவன் ஒடம்புல எதுத்து நிக்க ஒண்ணுமே கெடையாது. இலையில ஒட்டியிருக்க கிருமியே ஆளைக் கொண்டுபோயிரும்."

"தெரியும் மைனி. அதான் போடலியே. வாயால சொல்லக்கூடவா கூடாது?"

டோரீன் நிர்மலின் அக்காள். கல்யாணம் கட்டவில்லை. தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில்தான் இருப்பு. அவர்கள் அப்பா சாயர்புரத்திலிருந்து ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்துப் பூனா கண்டோன்மெண்டுக்கு வந்தவர். டோரீன் வேலூரில் டாக்டருக்குப் படித்து, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து, அங்கேயே இருந்துவிடு என்று புத்தி சொன்னவர்களை உதறிவிட்டு பூனாவுக்கே திரும்பி வந்தாள். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையா, அது என்ன கடையில் விற்கிற சாமானா என்று ஆஸ்பத்திரி நிர்வாகிகளே கேட்ட காலம். பழைய பிரசவ வார்டில் ரெண்டு அறையைக் கெஞ்சி வாங்கி, காற்று வடிகட்டி மாட்டி, தரை துடைப்பது எப்படி என்று தானே துடைத்துக் காட்டி ஆரம்பித்தாள். முதல் நோயாளி செத்தார். அடுத்தவரும் செத்தார். அதற்கடுத்து ஒரு ரிக்‌ஷாக்காரர் மகள் பிழைத்தாள். அந்த ஒருத்தியைப் பிடித்துக்கொண்டுதான் டோரீன் மேலே ஏறினாள்.

முழுப் பொருத்தமான அண்ணன் தம்பி, அக்காள் தங்கை இல்லாதவர்களைத் தாய் தகப்பனின் அரைப் பொருத்தமான செல்லை வைத்தே பிழைக்க வைப்பது எப்படி என்பதுதான் அவளுடைய ஆயுட்கால ஆராய்ச்சி. மாநாடுகளில் 'அரைப் பொருத்தம் டோரீன்' என்றே பேர். கல்யாணம் ஆகாதவளுக்கு வைத்த பேரைப் பார் என்று நிர்மல் கேலி செய்வான்.

அந்த ஆராய்ச்சி சொந்த வீட்டுக்கு உதவவில்லை. ஜோபினுக்கு ரத்தப் புற்றுநோய் ஒருமுறை அடங்கி, மறுபடி தலை தூக்கிவிட்டது. ஏற்றிய ரத்தமெல்லாம் சேர்ந்து அவன் உடம்பில் எதிர்ப்பை ஊற வைத்திருந்தது. அப்பா, அம்மா, அத்தை, யார் செல்லை ஏற்றினாலும் அழித்துவிடும். ஒத்து வந்தது அக்காள் ரியா ஒருத்திதான். முழுப் பொருத்தம் என்று முடிவு வந்த அன்று டோரீன் லேபிலேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள்.

இனிச் செய்ய வேண்டியது இரண்டு காரியம். மருந்து கொடுத்து ஜோபினின் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை முழுவதையும் நோயோடு சேர்த்து எரித்துவிட வேண்டும். பிறகு அந்த வெற்று நிலத்தில் ரியாவின் செல்லை விதைக்க வேண்டும். எரிப்பது கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ரியாவுக்குச் செல் பெருகுகிற ஊசியை டோரீனே வீட்டில் வைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். புதன்கிழமை எடுப்பதாக ஏற்பாடு.

டோரீனின் வார்டில் ஒரு சட்டம் உண்டு. அவளே போட்டது. செல் கொடுக்கிறவருக்கு என்று தனியாக ஒரு டாக்டர் இருக்க வேண்டும். அவர் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கி, இஷ்டமில்லை என்றால் சொல்லிவிடு, யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்று தைரியம் கொடுக்க வேண்டும். செல்லை எடுத்து உறைய வைத்துக்கொண்ட பிறகுதான் நோயாளிக்கு எரிக்கிற மருந்து. ஊரார் பிள்ளைகள் விஷயத்தில் அவள் இம்மி பிசகியதில்லை. சொந்த வீடு என்றதும் எல்லாம் தளர்ந்துவிட்டது. உறைய வைக்காத செல் நன்றாகப் பிடிக்கும், ரியா எங்கே போய்விடப் போகிறாள், மடியில் போட்டு வளர்த்த பிள்ளை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, செல் எடுக்கும் முன்பே எரிக்க ஆரம்பித்துவிட்டாள். கூட வேலை பார்க்கிற டாக்டர் வெங்கடேஸ்வரன் ஒருமுறை தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ சொல்ல வந்தார். "வீட்டுப் பொண்ணுதானே வெங்கட்" என்று அவர் வாயை அடைத்தாள்.

ரியாவிடம் பேசியது ராத்திரிச் சாப்பாட்டின்போது. "கொஞ்சம் ஊசி, ஒருநாள் மெஷின்ல உக்காரணும், அவ்வளவுதான். அத்தை இருக்கேன்லா" என்றாள். ரியா "ஓகே அத்தை" என்று சொல்லிவிட்டு சுர்மை மீனில் முள் எடுக்க ஆரம்பித்தாள். அதோடு சம்மதம் முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. ரியாவுக்கு இருபத்தொன்பது நடக்கிறது. ரெண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாக அமைந்தவன் தூத்துக்குடி ஜெரோஷ். கப்பல் ஏஜென்சியில் வேலை. தினமும் போனில் பேசிப் பேசி இருவருக்கும் உண்மையாகவே பிடித்துவிட்டது. கல்யாணத் தேதி, ஜோபினுக்கு நோய் திரும்புவதற்கு முன்பே குறித்தது. பையனுக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு என்ற அளவில்தான் அவர்களுக்குத் தெரியும். "ரியா குடுக்கான்னு யாரும் மூச்சு விடாதிய" என்று நிர்மல் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

தேவாலயம் நனைந்த குடை வாசனையோடு நிறைந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பேரைச் சபையில் வாசித்து, தடை சொல்ல ஆள் உண்டா என்று கேட்பார்கள். அதுதான் ஓலை. கொரோனா காலத்தில் பழகிய பழக்கம், தமிழ் ஆராதனை இன்னும் யூடியூபில் போய்க்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் ஜெரோஷின் அம்மா சொந்தக்காரர்களைக் கூட்டி, டீவியில் பெரிதாகப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சபைச் செயலர் ஐசக் அண்ணனுக்குக் கணீர் குரல். ஓலையை வாசித்தார். ரியா தலையைக் குனிந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஜெபக் குறிப்புகள். ஐசக் அண்ணன் அதே குரலில் தொடர்ந்தார். "நம்முடைய நிர்மல் ஐயா மகன் தம்பி ஜோபினின் சிகிச்சைக்காகவும், தன் எலும்பு மஜ்ஜையைத் தம்பிக்குக் கொடுக்கப்போகிற நம் கல்யாணப் பெண் ரியாவின் சுகத்துக்காகவும் பாரத்தோடு ஜெபிப்போம்."

நிர்மல் திரும்பி மனைவியைப் பார்த்தான். கிளாரிசா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சபை முழுவதும் ஆமென் என்றது.

வெளியே வந்ததும் ஆட்டோவுக்குக்கூட நிற்காமல் நிர்மல் கிளாரிசாவைப் பிடித்துக்கொண்டான். "யாருட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்லா?"

"நான் யாருட்ட சொன்னேன்? ஜெபத்துக்குக் குடுத்தேன். ஆண்டவர்ட்டயா மறைக்கச் சொன்னிய?"

"ஆண்டவருக்கு மைக்குல சொன்னாத்தான் கேக்குமா?"

"ரெண்டு பிள்ளையையும் ஊசிக்குக் குடுத்திட்டு நிக்கேன். நாலு பேரு பேரைச் சொல்லி ஜெபிச்சா எனக்கு மனசு ஆறும். பொறவு அது டீவியில வரும்னு நான் கண்டனா?"

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்ததுமே போன் வந்தது. கிளாரிசா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மைனி, ஓலை கேட்டோம். நல்லா வாசிச்சாவ" என்றாள் ஜெரோஷின் அம்மா. "பொறவு என்னமோ வாசிச்சாவளே, அது என்ன மைனி? இங்க எங்க கொழுந்தியா வீட்டு ஆளுவ எல்லாம் இருக்காவ. என் மூஞ்சியப் பாக்காவ. எனக்கு என்ன சொல்லதுன்னு தெரியல."

டோரீன் கையைக் கழுவிவிட்டு போனை வாங்கினாள். "அம்மா, நான் ரியாவுக்கு அத்தை. டாக்டர். இதுல பயப்பட ஒண்ணுமில்ல. ரத்தம் குடுக்க மாதிரிதான். குடுத்தது தானா ஊறிரும். பிள்ளை பெறுததுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. எத்தனையோ பொண்ணுங்க குடுத்திருக்காங்க, பிள்ளைகுட்டியோட நல்லா இருக்காங்க."

"நீங்க படிச்சவிய. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்பம் ஏன் எங்ககிட்ட மறைச்சிய?"

எத்தனையோ மேடைகளில், எத்தனையோ பெரிய மனிதர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள், போனைக் கிளாரிசாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"என் மவன் வாய் தொறக்க மாட்டுக்கான். நான் சொல்லுதேன். கல்யாணம் முடியட்டு. பொறவு அவளும் அவ புருசனும் பேசி, குடுக்கணும்னா குடுக்கட்டு. நான் குறுக்க நிக்க மாட்டேன். இப்பம் எடுத்தியன்னா, ரெண்டாவது ஓலை வாசிக்க வேண்டாம்னு பாஸ்டர்ட்ட சொல்லிருங்க."

ரியா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு ஊசிக்கு வரவில்லை. மறுநாள் காலையில், பாணேரில் இருக்கிற சிநேகிதி சஹானா வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். போனை எடுக்கவில்லை.

டோரீன் வார்டுக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜோபின் மொட்டைத் தலையோடு படுத்திருந்தான். வாயெல்லாம் புண். அவளைப் பார்த்ததும் இன்டர்காமைக் கையில் எடுத்தான்.

"அத்தை, அக்கா ஏன் போன் எடுக்கல? ஊசி வலிக்குதாமா?"

"ஆமாடா. அந்த ஊசி போட்டா எலும்பெல்லாம் வலிக்கும்."

"சாரின்னு சொல்லிருங்க அத்தை."

டோரீன் தலையை ஆட்டினாள். வெளியே வந்தாள். அவன் ரத்த அறிக்கையைக் காலையில்தான் பார்த்திருந்தாள். வெள்ளையணு அநேகமாக இல்லை. இனி வரப்போவதும் இல்லை. ஒரு டாக்ஸியைப் பிடித்துப் பாணேருக்குக் கிளம்பினாள்.

பாணேர் போகிற வழியெல்லாம் மெட்ரோ தூண்களுக்கு அடியில் வண்டிகள் நகராமல் நின்றன. கணபதி உற்சவத்துக்கு டோல் மேளம் அடித்துப் பழகுகிற பிள்ளைகள் மழைக்கு ஒதுங்கி, தகரக் கொட்டகைக்கு உள்ளேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். டோரீன் டாக்ஸிக்குள் உட்கார்ந்து, ரியாவிடம் எப்படிப் பேசுவது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். வற்புறுத்தக்கூடாது. அழக்கூடாது. ஜோபின் பேரைச் சொல்லி மடக்கக்கூடாது. சின்ன டாக்டர்களுக்கு அவள் வருஷா வருஷம் எடுக்கிற பாடம்தான் இது.

ரியா பால்கனியில் துணிக் கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. சஹானா இரண்டு கப் சாய் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அப்பா அனுப்பினாங்களா?"

"நானாத்தான் வந்தேன்."

"அத்தை, நான் மாட்டேன்னு சொல்லலியே. ஜெரோஷ் அம்மா சொல்றதுல கலத் என்ன, தப்பு என்ன இருக்கு? ஷாதி முடியட்டும். அடுத்த வாரமே வந்து குடுத்துட்டுப் போறேன். ஜெரோஷும் கூட வாரேன்னு சொல்லிட்டான். அதுவரைக்கும் ஜோபினுக்கு மெடிசின் குடுங்க. இத்தனை மாசம் குடுத்தீங்கள்ல?"

டோரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் மீன் சோற்றுக்கு நடுவில் 'அவ்வளவுதான்' என்று முடித்துவிட்டாள். இப்போது சொன்னால் அது விளக்கமா, கழுத்தில் கத்தி வைப்பதா?

"ரியா, அவனுக்கு இனிமே மருந்து கெடையாது."

"க்யூன்? ஏன்?"

"அவன் மஜ்ஜை முழுசையும் எரிச்சாச்சு. உன் செல் வைக்கதுக்காக. அவன் எலும்புக்குள்ள இப்ப ஒண்ணுமே இல்ல. உன்னோடது போனாத்தான் இனி அவனுக்கு ரத்தம் ஊறும்."

"போகலேன்னா?"

டோரீன் சாய் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கேக்குறேன்ல? போகலேன்னா?"

"கொஞ்ச நாள்தான். ஏதாவது ஒரு கிருமி வரும். போயிருவான்."

கொடியிலிருந்து துணி சொட்டிக்கொண்டிருந்தது. ரியா மெதுவாகக் கேட்டாள். "எங்கிட்டச் சொல்லாமலேயே எல்லாத்தையும் எரிச்சிட்டீங்களா? நான் வேண்டாம்னு சொல்லிருந்தா?"

"நீ சொல்லமாட்டன்னு நெனச்சேன்."

"சொல்லிருக்க மாட்டேன் அத்தை. சச்சி, நெசமாவே சொல்லிருக்க மாட்டேன். ஆனா நீங்க கேக்கவே இல்லியே. ஜெரோஷ் அம்மாவே பெஹ்தர், உங்களைவிட மேல். குடுக்கலாமா வேண்டாமான்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கன்னாவது சொன்னாங்க."

டோரீன் அழக்கூடாது என்று வந்தவள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரியா அவளைத் தொடவில்லை. எழுந்து உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள். "வாங்க" என்றாள். இரண்டு பேரும் டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நிர்மலும் கிளாரிசாவும் நின்றார்கள். "வந்துட்டியாம்மா! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று கிளாரிசா மகளைக் கட்டிக்கொண்டாள். ரியா கட்டை மாதிரி நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் டோரீனுக்குள் ஏதோ முடிவானது. வெங்கடேஸ்வரனைக் கூப்பிட்டாள்.

"வெங்கட், இனிமே இவளுக்கு நீங்கதான் டாக்டர். நான் கெடையாது. ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திட்டு முதல்லேருந்து எல்லாத்தையும் சொல்லுங்க. வேண்டாம்னு சொல்ல அவளுக்கு உரிமை உண்டுன்னும் சொல்லுங்க."

வெங்கடேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "மேடம், அதை இப்போ போய்க் கேக்கறதா? அந்தப் பையனுக்கு வேற வழியே இல்லையே."

"தெரியும். கேளுங்க."

கதவு மூடியது. நிர்மலுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அக்காளின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? வந்த பிள்ளைக்கு ஊசியைப் போடாம, வேண்டாம்னு சொல்ல வழி காட்டிக் குடுக்க? அவ மாட்டேன்னுட்டா எம்புள்ளை செத்துருவாம்லா!"

"செத்துருவான்."

"பொறவு?"

"பொறவும் கேக்கணும் நிர்மல். முன்னாலயே கேட்டிருக்கணும். நான் கேக்கல."

"நீ டாக்டரா, இல்ல எமனா?" நிர்மல் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். கிளாரிசா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஜெபித்தாள்.

டோரீன் கதவுக்கு எதிரே நின்றாள். நியாயம் செய்துவிட்டோம் என்ற நிம்மதி ஒரு துளியும் இல்லை. கதவை உதைத்துத் திறந்து, போதும் வெங்கட், கேட்டது போதும், ஊசியைக் கொண்டுவாருங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆண்டவரே, அவள் சரி என்று சொல்லட்டும், மனசில்லாமல் சொன்னாலும் பரவாயில்லை, சொல்லட்டும் என்று அவளும் ஜெபித்தாள். இதை ஜெபிக்க வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தோடேயே திரும்பத் திரும்ப ஜெபித்தாள்.

வெங்கடேஸ்வரன் வெளியே வந்தபோது அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "குடுக்கறேன்னு சொல்லிட்டா. ஊசி விட்டுப்போனதால ஒருநாள் தள்ளி எடுத்துக்கலாம்." கொஞ்சம் தயங்கினார். "மேடம், அவ ஒண்ணு கேட்டுக்கிட்டா. செல் எடுக்கிற ரூமுக்குள்ள நீங்க வரக்கூடாதாம்."

"சரி" என்றாள் டோரீன். நிர்மலின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை அவள் வெள்ளைக் கோட்டைப் போடாமல், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் கிளாரிசாவோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு செல் வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்துபோய்க் கேட்கவும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் ரியா இரண்டு கையிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. உட்காராமலே போனை எடுத்துத் தூத்துக்குடிக்கு, ஜெரோஷின் அம்மாவுக்குப் போட்டாள்.

"நான் ரியா பேசுறேன் அத்தை. குடுத்துட்டேன். இப்பதான் முடிஞ்சது." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல அத்தை, யாரும் கட்டாயப்படுத்தல. கேட்டாங்க. நான்தான் குடுத்தேன்."

ரியா போனை இறக்கினாள்.

"என்ன சொன்னாவ?" என்றாள் கிளாரிசா.

"ஒண்ணும் சொல்லல. வச்சிட்டாங்க."

கேட்டாங்க என்று அவள் சொன்னது டோரீனின் நெஞ்சை அறுத்தது. கேட்டது உண்மைதான். ஒரே ஒரு பதிலை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுக் கேட்ட கேள்வி. யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற அந்தப் பொய்யை ரியா தனக்காகச் சொன்னாளா, ஜோபினுக்காகச் சொன்னாளா, இல்லை அத்தையைக் காப்பாற்றச் சொன்னாளா என்று டோரீனால் இனிக் கேட்கவும் முடியாது.

வெங்கடேஸ்வரன் பெட்டியோடு வந்து நின்றார். அதற்குள் ரத்தச் சிவப்பில் ரியாவின் செல் பை. போதுமான அளவு வந்திருப்பதாகச் சொன்னார். ஜோபின் அறையில் ஏற்ற ஆள் தயாராக வேண்டும். டோரீன் எழுந்தாள். எழுந்தவள் ரியாவின் பக்கம் ஓரடி வைத்து, கையை நீட்டினாள்.

ரியா விலகிக்கொண்டாள். "போங்க அத்தை. உங்க பேஷண்ட் அங்க இருக்கான்."

எடுத்த செல்லை வெகுநேரம் வெளியே வைத்திருக்க முடியாது. டோரீன் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். வராந்தா திரும்புவதற்குள், பின்னால் ரியா வாய்விட்டுக் கதறுகிற சத்தம் கேட்டது. டோரீன் திரும்பவில்லை. வார்டு வாசல் தொட்டியின் முன்னால் நின்று, வழக்கம்போல முழங்கைவரை சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.